அழைப்பு வராத நாற்பது ஆண்டுகள்

தேக்கா: நோயும் மருந்தும் – பகுதி 17

சென்ற வாரம் 1966ஆம் ஆண்டில் நிறுத்தியிருந்தோம். அந்த ஓர் ஆண்டில் மட்டும் கண்டாங் கெர்பாவ் (கேகே) மருத்துவமனையில் கிட்டத்தட்ட 40,000 குழந்தைகள் பிறந்தன. சராசரியாக நாளொன்றுக்கு நூறுக்கும் மேல். அந்த ஆண்டு சிங்கப்பூரில் பிறந்த குழந்தைகளில் முக்கால் பங்குக்கு நெருக்கமானவை தேக்காவை ஒட்டிய இந்த ஒரே வளாகத்தில்தான் முதல் மூச்சை இழுத்தன. கட்டில் போதாமல் தாய்மார்கள் நெருக்கியடித்துப் படுத்ததையும், சுகப்பிரசவம் ஆனவர்களை மறுநாளே வீட்டுக்கு அனுப்பியதையும், உலகிலேயே அதிகப் பிரசவம் பார்த்த இடமென்று கின்னஸ் புத்தகத்தில் கேகே இடம்பிடித்ததையும் பார்த்தோம்.

அதே வாசலில் பிள்ளை பெற வராத பெண்களும் நுழைந்தார்கள். நாற்பது, ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள். தீட்டு நின்று வருஷக்கணக்கான பிறகு மறுபடி உதிரம் பட்டவர்கள். துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுவதை மாதக்கணக்காக மறைத்தவர்கள். இடுப்புவலி தாங்காமல், கால் வீங்கி, மகளோ மருமகளோ கைத்தாங்கலாகக் கூட்டிவந்தவர்கள். வீட்டில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னாலும், “நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்” என்று மூத்தவர் யாராவது சமாதானம் சொல்லியிருப்பார். டாக்டர் கைவைத்துப் பார்க்கும்போது கருப்பை வாயில் கட்டி முற்றிப்போயிருக்கும். அறுவைக்கு இடமிருந்தால் அறுவை, இல்லையென்றால் ரேடியக் கதிர், அதுவும் கடந்துவிட்டால் வலிக்கு மருந்து.

இந்த வாரம் அந்தப் பெண்களின் கதை. சரியாகச் சொன்னால், அவர்களைப் பத்துப் பதினைந்து வருஷம் முன்பே கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரு சின்னப் பரிசோதனை தேக்காவுக்கு வந்த கதை. வந்த பிறகும் அது அவர்களைத் தேடிப் போகாமல் இருந்த கதை.

கருப்பை வாய்ப் புற்று மெதுவாக வருகிற நோய். கருப்பையின் கழுத்துப் பகுதியில் இரண்டு வகைத் தோலணுக்கள் சந்திக்கும் ஒரு வளையம் உண்டு. பாப்பிலோமா வைரஸ் பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். தாம்பத்திய உறவில் தொற்றும் இந்த வைரஸ் பெரும்பாலான பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வந்துபோகும். ஓரிரு வருஷத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. தங்கிய இடத்தில் அணுக்கள் உருமாறத் தொடங்கி, புற்றாக முற்றுவதற்குப் பத்து முதல் இருபது வருஷம் வரை ஆகலாம். அந்த இடைவெளி முழுவதும் வலி கிடையாது, உதிரம் கிடையாது. அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் மாறிய தோலை மட்டும் உறையவைத்தோ வெட்டியோ எடுத்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மருத்துவத்தில் இவ்வளவு நீண்ட தவணை கொடுக்கிற புற்றுநோய்கள் குறைவு.

வைரஸ்தான் காரணம் என்று ஜெர்மனியின் ஹாரால்ட் சூர் ஹவுசன் காட்டியது 1980களில். 2008இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். ஆனால் அணுக்கள் மாறுவதைக் கண்ணால் பார்க்கும் வழி அதற்கு அரை நூற்றாண்டு முன்பே கிடைத்துவிட்டது. கிரேக்க நாட்டிலிருந்து நியூயார்க்குக்குக் குடியேறிய ஜார்ஜ் பாப்பனிக்கொலாவ், கினிப் பன்றிகளிடம் யோனி மாதிரி எடுத்து அவற்றின் இனப்பெருக்கச் சுழற்சியை ஆராய்ந்துகொண்டிருந்தவர். அதே முறையை மனிதருக்கும் செய்து பார்க்க அவருடைய மனைவி ஆண்ட்ரோமகி முன்வந்தார். ஆண்டுக்கணக்கில் தன் உடம்பிலிருந்தே மாதிரி கொடுத்தார். அப்படிப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் வேறு பெண்களின் மாதிரியில் புற்றணு பிடிபட்டது. 1928இல் அவர் இதைச் சொன்னபோது மருத்துவ உலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. மகப்பேற்று மருத்துவர் ஹெர்பர்ட் டிராட்டோடு சேர்ந்து 1941இல் கட்டுரையும் 1943இல் நூலும் வெளியிட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. ‘பாப் ஸ்மியர்’ என்று நம் அக்காக்களும் அத்தைகளும் இன்றைக்குச் சொல்வதில் இருப்பது அவர் பெயரின் முதல் துணுக்கு.

எடுக்கும் விதம் இதுதான். பெண் படுத்துக் காலை மடக்கிக்கொள்ள, டாக்டரோ தாதியோ விரிப்பான் வைத்துக் கருப்பை வாயைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்வார். ஐஸ்கிரீம் குச்சி மாதிரி, ஆனால் நுனியில் வளைவு வெட்டிய ஒரு மரப்பட்டையை அந்த வாயில் பதித்து ஒரு முழுச் சுற்று சுற்றுவார். கனடாவின் ஜேம்ஸ் எர்னஸ்ட் அயர் 1947இல் வடிவமைத்த குச்சி அது. ஒட்டிவந்ததைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகப் பூசி, ஈரம் காயுமுன் ஆல்கஹாலில் அமிழ்த்த வேண்டும். சில விநாடி தாமதித்துக் காய்ந்துபோனால் அணுக்கள் சிதைந்து தகடு வீண். பிறகு ஆய்வகத்தில் வரிசையாகச் சாயத் தொட்டிகளில் முக்குவார்கள். அணுக்கரு நீலமாகும், சுற்றியுள்ள பகுதி இளஞ்சிவப்பும் நீலப்பச்சையுமாக ஏறும். நுண்ணோக்கியில் ஒருவர் உட்கார்ந்து தகட்டை மூலைக்கு மூலை நகர்த்தி ஆயிரக்கணக்கான அணுக்களைக் கடந்துபோவார். நல்ல அணு அகலமான தட்டுப்போல் இருக்கும், நடுவில் சின்னப் புள்ளியாக அணுக்கரு. மாறிய அணுவில் அந்தப் புள்ளி பெருத்து, கறுத்து, ஓரம் கோணலாகிவிடும். ஒரு தகட்டில் அப்படி ஒரு கொத்து மட்டும் இருக்கலாம். தலைநிமிராமல் தேடுகிற அந்த ஆய்வகப் பணியாளர்களில் ஒருவர் பெயரைக்கூட அவர்களால் பிழைத்த பெண்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இந்தத் தொடரில் அவர்களுக்கென்று ஒரு பத்தியாவது இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதினேன்.

சிங்கப்பூருக்கு இந்தப் பரிசோதனை 1960களின் நடுவில் வந்து சேர்ந்தது. சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் தொடங்கியதும் 1964இல்தான். பிரசவத்துக்காக நாட்டின் பெண்களில் பெரும்பாலோர் ஒரே வாசல் வழியாகப் போய்வந்த காலம் என்பதை நினைத்துப் பாருங்கள். சிராங்கூன் சாலையின் தமிழ்ப் பெண்ணும், கேலாங் சிராயின் மலாய்ப் பெண்ணும், சைனாடவுனின் கான்டனீஸ் பெண்ணும் வரிசையில் அடுத்தடுத்து உட்கார்ந்த இடம் அது. பரிசோதனையைப் பரப்ப அதைவிட நல்ல வாய்ப்பு எந்த நாட்டுக்கும் வாய்த்திருக்காது. பிள்ளை பெற்றபின் ஆறாம் வாரம் தாயைப் பார்க்கையில் ஸ்மியரும் எடுத்துவிடுவது நம் மருத்துவர்களிடம் பழக்கமாக ஊன்றியது.

குறை எங்கே என்றால், இந்த முறை வாசலுக்கு வருகிறவளை மட்டும்தான் பிடிக்கும். 28 வயதில் மூன்றாவது பிள்ளை பெற்றவளுக்கு ஸ்மியர் கிடைத்தது. அதே பெண் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தேக்கா மார்க்கெட்டில் காய் வாங்கி, 48 வயதை எட்டியபோது மகப்பேற்று மருத்துவமனையில் அவளுக்கு வேலை இருக்கவில்லை. நோயின் கடைசித் தவணை முடிகிற வயது அதுதான். அவளுக்கு யாரும் கடிதம் போடவில்லை.

நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்குக் கணக்கு கிடைத்ததே ஒரு தமிழரின் பிடிவாதத்தால். யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளியில் 1921இல் பிறந்த பேராசிரியர் கனகரத்தினம் சண்முகரத்தினம், பல்கலைக்கழகத்தில் நோயியல் துறையை வளர்த்தவர். இப்போதைய அதிபர் தர்மனின் தந்தை என்று இன்றைய தலைமுறைக்கு அறிமுகம் செய்ய வேண்டியிருக்கிறது. 1968 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் யாருக்குப் புற்றுநோய் கண்டாலும் எழுதிவைக்கும் பதிவகத்தை அவர் நிறுவினார். ஆய்வக அறிக்கை, மருத்துவமனைக் கோப்பு, மரணச் சான்றிதழ் என்று மூன்று வழியிலும் துருவி, ஒரே நோயாளி இரண்டு முறை எண்ணப்படாமலும் ஒருவரும் விடுபடாமலும் சேர்த்தார்கள். தகவல் கொடுத்தே தீர வேண்டும் என்ற சட்டம் 2007இல்தான் இயற்றப்பட்டது. அதுவரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மருத்துவர்களின் ஒத்துழைப்பை மட்டுமே நம்பி அந்தப் பதிவகம் ஓடியது. நகரம் முழுவதையும், நாடு முழுவதையும் ஒரே பேரேட்டில் அடக்கிய கணக்கு ஆசியாவில் அரிதாக இருந்த காலம்.

அந்தப் பேரேடு சொல்வது இது. 1968–72இல் ஒரு லட்சம் பெண்களுக்கு ஆண்டுதோறும் சுமார் 18 பேருக்குக் கருப்பை வாய்ப் புற்று. பெண்களைத் தாக்கிய புற்றுநோய்களில் முன்வரிசையில் அது நின்றது. அண்மை ஆண்டுகளில் அந்த எண் 7ஐ ஒட்டி இறங்கியிருக்கிறது. இப்போது அது பத்தாவது இடத்தை ஒட்டி நிற்கிறது.

இந்த இறக்கம் முழுவதையும் ஸ்மியரின் கணக்கில் எழுதிவிட எனக்கு மனமில்லை. முழுக்காலப் பிரசவங்கள் ஐந்து, ஆறு, ஏழு என்று ஏறஏற இந்தப் புற்றின் அபாயமும் ஏறும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 1966இல் குடும்பக் கட்டுப்பாடு, மக்கள்தொகை வாரியம் வந்தது. 1972 முதல் ‘இரண்டோடு நிறுத்துங்கள்’ பிரசாரம் ஊரெங்கும் ஒலித்தது. குடும்பம் சுருங்கியது. 2023இல் சிங்கப்பூர் முழுவதும் பிறந்த குழந்தைகள் சுமார் 33,500. கேகே தனியாக 1966இல் பார்த்த பிரசவத்தைவிடக் குறைவு. வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர், படிப்பு, தாமதமான கல்யாணம் எல்லாமே வாழ்க்கையை மாற்றின. ஸ்மியர் பெரிய பங்கு வகித்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அழைத்துச் செய்திருந்தால் எண் இன்னும் முன்னதாகவே சரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு வெளியுலகில் சாட்சி இருக்கிறது.

ஃபின்லாந்து 1963இலேயே குறிப்பிட்ட வயதுப் பெண்கள் எல்லாருக்கும் பெயர் போட்டுக் கடிதம் அனுப்பத் தொடங்கியது. அண்டையிலுள்ள நார்வேயிலும் ஸ்மியர் எடுத்தார்கள், ஏராளமாகவே எடுத்தார்கள். ஆனால் யார் கேட்டார்களோ அவர்களுக்கு. ஃபின்லாந்தில் சாவு எண்ணிக்கை செங்குத்தாக விழுந்தது, நார்வேயில் மிகக் கொஞ்சமே குறைந்தது. 1987இல் லான்செட் இதழில் வந்த இந்த ஒப்பீடு உலகச் சுகாதாரத் துறைகளை உலுக்கியது. பிரிட்டனும் 1960களில் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் வந்தவர்களுக்கு மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது. 1988இல் கணினியில் பெயர்ப்பட்டியல் வைத்து அழைக்க ஆரம்பித்த பிறகே அங்கே சாவுகள் வேகமாகக் குறைந்தன. இரண்டு இடத்திலும் குச்சி, கண்ணாடித் தகடு, சாயம் எல்லாம் ஒன்றே. கடிதம்தான் வித்தியாசம்.

சிங்கப்பூர் அந்தக் கடிதத்தைப் போடத் தொடங்கியது 2004இல். சுகாதார மேம்பாட்டு வாரியம் நாடளாவிய கருப்பை வாய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. 25 முதல் 69 வயது வரை, தாம்பத்திய உறவு எப்போதாவது இருந்திருந்தால், மூன்று வருஷத்துக்கு ஒரு முறை என்பது அப்போதைய பரிந்துரை. முடிவு வந்தபின் அடுத்த தவணையை ஞாபகப்படுத்துவதும், ஆய்வகங்களின் தரத்தைக் கண்காணிப்பதும் திட்டத்தில் சேர்ந்தன. அடையாள அட்டை எண்ணிலேயே ஒவ்வொருவரின் விலாசத்தையும் வைத்திருக்கிற, தடுப்பூசிக்கும் வாக்குக்கும் தேசிய சேவைக்கும் தவறாமல் கடிதம் போடுகிற நாடு இது. இதற்கு மட்டும் நாற்பது ஆண்டு ஆனதை என்னால் எளிதில் தாண்டிப்போக முடியவில்லை. 1968 முதல் இந்த நோய் கண்டவர்களின் எண்ணிக்கை சண்முகரத்தினத்தின் பேரேட்டிலேயே இருக்கிறது.

அதற்குள் மருத்துவமனையே இடம் மாறிவிட்டது. 1924 அக்டோபரில் மகப்பேற்று மருத்துவமனையாகத் தொடங்கிய வளாகத்தை விட்டு 1997இல் புக்கிட் தீமா சாலைக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடத்துக்குப் போனார்கள். பழைய கட்டடத்தில் இன்று நிலப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறது. பாலிகிளினிக்குகள் பேட்டைக்குப் பேட்டை வந்ததால் ஸ்மியருக்கு யாரும் தேக்கா வரை வரவேண்டியதில்லை என்றும் ஆயிற்று.

கடிதம் வந்தும் போகாதவர்கள் உண்டு, பாதிக்கு மேல். அண்மை ஆண்டுகளின் தேசியச் சுகாதார ஆய்வுகளில், பரிந்துரைத்த காலத்துக்குள் பரிசோதித்துக்கொண்ட பெண்கள் பாதிக்கும் குறைவு. செலவு இதற்குக் காரணமென்று சொல்ல முடியாது. 2017 செப்டம்பரில் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு ஐந்து வெள்ளி, மருத்துவச் சலுகைக்கான சாஸ் அட்டை உள்ளவர்களுக்கு இரண்டு வெள்ளி, முன்னோடித் தலைமுறைக்கு இலவசம் என்று கட்டணம் குறைக்கப்பட்டது. தடுப்பது வேறு. சிராங்கூன் சாலைக் கடைகளில் நிற்கும் நடுத்தர வயது அக்காக்களிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் வரும் பதில்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். “எனக்கு ஒண்ணும் இல்லையே, எதுக்குப் போகணும்?” “ஆம்பளை டாக்டரா இருந்தா?” “புருஷன் போய்ப் பத்து வருஷமாச்சு, எனக்கு எதுக்கு?” மூன்றாவது கேள்விதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. வைரஸ் பத்து, இருபது வருஷம் தங்கக்கூடியது என்பதால் கணவரை இழந்த ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இந்தப் பரிசோதனை கட்டாயம் பொருந்தும். அதை அவரிடம் தமிழில், பக்கத்தில் உட்கார்ந்து, வெட்கப்படவைக்காமல் சொல்ல ஒரு ஆள் வேண்டும். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்ல ஆளிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. தேக்காவில் பலருக்கு அம்மா ஊரோ பாட்டி ஊரோ ஆன தமிழ்நாட்டில், திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் ஒரு பெரும் ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமூகச் சுகாதார மையமும், சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் ரெங்கசாமி சங்கரநாராயணனும் சேர்ந்து நடத்தியது. அங்கே ஆய்வகமும் சாயமும் நுண்ணோக்கியும் கட்டுப்படியாகாது. அதனால் பயிற்சி பெற்ற தாதிகள் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரின் சரக்கை, தடவி ஒரு நிமிஷம் பார்த்தார்கள். மாறிய தோல் வெள்ளையாகத் திட்டுக் கட்டும். திட்டு தெரிந்தால், பொருத்தமானவர்களுக்கு அன்றைக்கே உறையவைத்துச் சிகிச்சை. 30 முதல் 59 வயது வரை 49,311 பெண்களை அழைத்தார்கள், 31,343 பேர் வந்தார்கள். 2007இல் வெளியான முடிவுப்படி அழைக்கப்பட்ட ஊர்களில் நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. பரிசோதனை தராமல் ஒப்பீட்டுக்கு வைத்திருந்த ஊர்ப் பெண்களைப் பற்றிப் பின்னால் கடுமையான அறவிவாதம் எழுந்தது, எழ வேண்டியதுதான். ஆனாலும் வயல்வேலைக்குப் போகிற பெண்களில் அறுபது சதவீதத்துக்கு மேல் வந்தார்கள் என்பதை, பாலிகிளினிக் பஸ் தூரத்தில் இருந்தும் பாதிப்பேர் வராத நாம் கவனிக்க வேண்டும்.

2019இல் சிங்கப்பூரின் முறையும் மாறியது. 30 வயதுக்கு மேல் ஸ்மியருக்குப் பதிலாக வைரஸே இருக்கிறதா என்று நேரடியாகப் பார்க்கும் பரிசோதனை, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. 25 முதல் 29 வரை பழைய ஸ்மியரே, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை. மரக்குச்சி போய்ச் சின்னத் தூரிகை வந்துவிட்டது, அணுக்களைக் கண்ணால் தேடும் வேலையின் பெரும்பகுதியை இயந்திரம் எடுத்துக்கொண்டது. படுத்துக் காலை மடக்கும் அந்த ஐந்து நிமிஷச் சங்கடம் மட்டும் அப்படியே.

இந்தப் பகுதியை முடிக்குமுன் கணக்கில் வராத ஒரு கூட்டத்தைச் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் காய்கறிக்கும் ரீசார்ஜுக்கும் கோயிலுக்குமாக வரும் வீட்டுப் பணிப்பெண்கள். சிங்கப்பூரில் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், மியன்மார் பெண்கள் அதிகம். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. பலர் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்டவர்கள், அதாவது இந்தப் பரிசோதனை யாருக்காக ஏற்பட்டதோ அதே வயது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சட்டப்படி இவர்கள் டாக்டரிடம் போயே ஆக வேண்டும். அங்கே கர்ப்பமா என்று பார்க்கிறார்கள். சிஃபிலிஸ், எச்.ஐ.வி., காசநோய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கருப்பை வாயைப் பார்ப்பது அந்தப் பட்டியலில் இல்லை. குடிமக்களுக்கான கட்டணச் சலுகையும் அவர்களுக்குக் கிடையாது.

இத்தொடரின் தொடக்கப் பகுதிகளில் 1870ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தைப் பார்த்தோம். விலைமாதர் விடுதிப் பெண்களைக் கட்டாயமாகப் படுக்கவைத்துச் சோதித்த அந்தச் சட்டம் 1880களின் இறுதியில் கைவிடப்பட்டது. அந்தச் சோதனை ஆண்களைக் காப்பாற்றச் செய்தது. இன்றைய ஆறுமாதச் சோதனையின் நோக்கம் வேறு, நடத்தும் விதமும் வேறு, இரண்டையும் ஒன்றென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு பெண் கிளினிக்கில் வந்து உட்காரும்போது, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை அவளுக்கென்றே ஒரு பரிசோதனையைச் சேர்த்துக்கொடுப்பதற்குப் புதுக் கட்டடமோ புதுக் கடிதமோ வேண்டாம். 1966இல் கேகே வாசலில் கிடைத்த அதே வாய்ப்பு இது. முதலாளி கட்டணம் கட்டுவாரா, முடிவு யாரிடம் போகும், நோய் தெரிந்தால் வேலை நிலைக்குமா என்ற மூன்று கேள்விக்கும் அந்தப் பெண்ணுக்குச் சாதகமாக முன்கூட்டியே விடை எழுதிவைத்தால் போதும்.

அடுத்த வாரம்: 2019 ஏப்ரல் முதல் உயர்நிலை ஒன்று மாணவிகளுக்குப் பள்ளியிலேயே இலவசமாகப் போடப்படும் பாப்பிலோமா தடுப்பூசி. அதற்கு ஒன்பது ஆண்டு முன்பு, மருத்துவச் சேமிப்பான மெடிசேவிலிருந்து பணம் எடுத்து மகளுக்கு ஊசி போடலாமா என்று வீட்டுக்கு வீடு நடந்த வாக்குவாதம்.